கேட்ட தடவை

பேனரின் கடைசி மூலையையும் சாமியானாக் கம்பத்தில் இழுத்துக் கட்டிவிட்டு ஏணியிலிருந்தவன் கீழே குதித்த பிறகுதான் அனிதா அதைப் படித்தாள். ஐஸ் பெட்டிக்கு ஒயர் எட்டவில்லை என்று உள்ளே யாரோ கத்த, பக்கத்துக் கடையில் ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவள் அதைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பேனரில் முக்கால் பங்கு சட்டமன்ற உறுப்பினர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். சாவுக்கு வைத்த பேனரில் எதற்குச் சிரிப்பு என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. கட்சிக்காரர்களிடம் இருப்பது அந்த ஒரு படம்தான். கல்யாணத்துக்கும் அதுதான், கருமாதிக்கும் அதுதான். கீழ் மூலையில் ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகத்தோடு அவளுடைய அப்பா. பக்கத்தில் கொட்டை எழுத்தில், ‘சிறுமி கவிப்பிரியாவின் தந்தையும் சமூக ஆர்வலருமான டெய்லர் கஜபதி அவர்களின் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி.’

அனிதா இன்னொரு தடவை படித்தாள். கஜபதிக்குப் பிறந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று விடிகாலையில் போன் வந்ததும் அரக்கோணத்திலிருந்து முதல் ரயிலைப் பிடித்து ஓடி வந்து, தலைகூட வாராமல் இதோ வாசலில் நிற்கிறது. அதன் பெயர் பேனரில் எந்த மூலையிலும் இல்லை.

எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. உறுப்பினரின் அலுவலகத்துக்கு மாதம் தவறாமல் பதிவுத் தபால் போகும். ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் குழந்தையின் பெயர் இருக்கும். பெறாத பிள்ளைக்காக ஒருவன் நான்கு வருசம் தபால் செலவு செய்வான் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. அவர்களாக ஒரு தகப்பனை ஒட்டவைத்துவிட்டார்கள்.

“சேட்டுண்ணா” என்று கூப்பிட்டாள். கட்சியின் வட்டச் செயலாளர் சேட்டு சாமியானாவுக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். “இது இன்னா போட்டு வச்சிருக்கீங்க? எங்க நைனாவுக்கு நான்தான பொண்ணு?”

சேட்டு நிமிர்ந்து படித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். “அட, ஆபீஸ்ல சொன்னத அப்டியே அடிச்சுட்டான்மா பிரஸ்காரன். நீ ஒன்னும் மனசுல வச்சிக்காத. தலைவரு மத்தியானம் வராரு. அதுக்குள்ள மாத்திடறேன்.”

உறுப்பினர் வருகிறார் என்ற சேதி தெருவில் அதற்குள் பரவிவிட்டது. டெய்லர் சாவுக்கு எம்.எல்.ஏ. வருகிறாராமே என்று எதிர்க்கடைக்காரர் வந்து கேட்டபோது, அழுகைக்கு நடுவிலும் அனிதாவுக்கு ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. இப்போது அதன்மேல் யாரோ சாணி கரைத்து ஊற்றியதுபோல இருந்தது.

உள்ளே போனாள். ஐஸ் பெட்டிக்குள் அப்பா நெற்றி நிறைய விபூதியோடு கிடந்தார். கூடத் தைக்கும் தணிகைமணி, அவருடைய இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுவிட்டிருந்தார். தலைமாட்டில் அம்மா எல்லம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காது சரியாகக் கேட்காதவள். யார் வந்து கட்டிக்கொண்டு அழுதாலும் தலையை மட்டும் ஆட்டினாள். கால்மாட்டில் நிர்மலா. கவிப்பிரியாவின் அம்மா. மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டு விற்பவள். பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்து, “அண்ணா, எனக்கின்னு இருந்த ஒரே ஆளும் போய்ட்டியேண்ணா” என்று அவள் அழுத அழுகையில் வந்தவர்கள் எல்லாம் முதலில் அவளைத்தான் தேற்றினார்கள். சோடா வந்தது. அதுவும் முதலில் நிர்மலாவுக்குத்தான் போனது.

செத்துப்போன ஆறு வயதுக் குழந்தையோடு போட்டி போடுவது கேவலம் என்று அனிதாவுக்குத் தெரியாமல் இல்லை. உயிரோடு இருக்கிற தங்கச்சி என்றால் சண்டை போடலாம், முடியைப் பிடித்து இழுக்கலாம், ஒரு நாள் அவளும் தப்புச் செய்வாள் என்று காத்திருக்கலாம். இவள் எந்தத் தப்பும் செய்ய மாட்டாள். ஐந்து வருசமாக ஆறு வயதிலேயே நிற்கிறாள்.

அந்தக் குழந்தை சாயங்காலம் பள்ளி வேனிலிருந்து அப்பாவின் கடை வாசலில்தான் இறங்கும். அம்மா மலையடிவாரத்திலிருந்து வரும்வரை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத்துணி பொறுக்கும். அன்றைக்கு இறங்கியதும் குடைக் கம்பி விழுந்துவிட்டது என்று வேனுக்குப் பின்னால் குனிந்திருக்கிறது. டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தான். பிள்ளைகளை இறக்கிவிட, பின்னால் பார்த்துச் சொல்ல, வேனில் இன்னோர் ஆள் இல்லை. மெஷினில் இருந்த அப்பா பார்த்துவிட்டுக் கத்தினார். டிரைவருக்குக் கேட்கவில்லை. குழந்தை போட்டிருந்த பினோபார்ம் கவுன் அவர் தைத்தது. அடுத்த வருசம் வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று கீழே இரண்டு விரற்கடை மடித்துத் தைத்திருந்தார்.

அதற்கு அடுத்த வருசம் சட்டமன்றத்தில் ஒருவர் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளி வேனிலும் டிரைவரைத் தவிர ஒரு பொறுப்பாள் கட்டாயம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் திருத்தம். அது தோற்றுப்போனது. யார் யார் தோற்கடித்தார்கள் என்று அப்பா தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் போட்டார். குரல் வாக்கெடுப்பு, உறுப்பினர் வாரியாகப் பதிவு இல்லை என்று பதில் வந்தது. ஆம் என்பவர்கள் ஆம் என்று கத்துவார்கள், இல்லை என்பவர்கள் இல்லை என்று கத்துவார்கள், எந்தச் சத்தம் பெரிது என்று காதால் கேட்டு முடிவு சொல்லிவிடுவார்கள். யார் வாய் எதைச் சொன்னது என்பது அந்தந்த வாய்க்குத்தான் தெரியும்.

“அப்ப அந்த வாயத்தான் கேக்கணும்” என்றார் அப்பா. அந்த மாதமே தொடங்கினார். ஒவ்வொரு மாதமும் பதினாலாம் தேதி, குழந்தை செத்த தேதியில், நம் உறுப்பினருக்கு ஒரு பதிவுத் தபால். ‘அன்று தாங்கள் ஆம் என்றீர்களா, இல்லை என்றீர்களா?’ யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வரும். தபால்காரர் அதைக் கொடுத்துவிட்டுப் போனதும் அம்மா கேட்பாள், “பதில் வந்துச்சா?” அப்பா சொல்வார், “வர்ல.” அத்தோடு அந்த மாதம் முடியும்.

பிறகு கடைச் சுவரில், தெருவைப் பார்த்து அதே கேள்வியோடு ஒரு கரும்பலகை அடித்தார். மலைக்குப் போகிற பஸ், நகரிக்குப் போகிற பஸ் எல்லாவற்றிலும் இருக்கிறவர்கள் படிக்கிற மாதிரி.

அந்தப் பலகையால்தான் பள்ளிப்பட்டு சம்பந்தம் போனது. மூன்று வருசத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த பையனின் சித்தப்பா கட்சியில் பெரிய ஆள். “ஒரே ஒரு நாளு கழட்டி உள்ள வையி நைனா” என்று அனிதா கெஞ்சினாள். அப்பா ஊசியில் நூல் கோத்தபடி, “அவங்க ஒன்ன பாக்க வராங்களா, பலகைய பாக்க வராங்களா?” என்றார். அவர்கள் பலகையைத்தான் பார்த்தார்கள். காபி குடித்துவிட்டு, வீட்டில் பேசிச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். அந்தப் பையனிடம் அவள் இரண்டு மாதம் போனில் பேசியிருந்தாள். அன்று அவள் சாப்பிடாமல் படுத்திருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்மா” என்றார். அனிதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தானாகத்தான் வளர்ந்தாள். காலேஜ் ரிசல்ட் வந்த அன்று அப்பா சென்னையில் தகவல் அலுவலகத்தில் நின்றிருந்தார். அவள் பிறந்த நாள் கார்த்திகையிலா மார்கழியிலா என்று அம்மாவைக் கேட்பார். பதினாலாம் தேதியை மட்டும் யாரையும் கேட்டதில்லை.

நேற்றுச் சாயங்காலம் போன் செய்தபோதும் அவர் கேட்டது, “டிவி போடு, சபை நடந்துகினு கீது. நம்மாளு ஒக்காந்துகினு இருக்காரா பாத்து சொல்லு” என்பதுதான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அவள் டிவியும் போடவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அதுதான் கடைசி.

மத்தியானம் சேட்டு வண்டியில் வந்து இறங்கினார். கக்கத்தில் சுருட்டிய புதுப் பேனர். அவளைக் கடைப் பக்கம் ஓரமாகக் கூப்பிட்டு, ஒரு முனையை மட்டும் பிரித்துக் காட்டினார். ‘திருமதி அனிதா குமரேசனின் அன்புத் தந்தை.’ சிவப்பு எழுத்து. ஒவ்வொன்றும் முழ நீளம். கல்யாணப் பத்திரிகையில்கூட அவள் பெயர் அவ்வளவு பெரிதாக வந்ததில்லை. புது மையின் வாசனை அடித்தது.

“கட்டுங்கண்ணா” என்றாள்.

“கட்டிடலாம். ஒரு சின்ன வேலதான் பாக்கி.” சேட்டு பலகையைப் பார்த்தார். “தலைவரு மூணு மணிக்கு வராரு. கூட பத்து பேரு போன் தூக்கினு வருவாங்க. போட்டோல இது வுழுந்தா நல்லா இருக்குமா, சொல்லு. நாங்க கை வச்சா தப்பாய்டும். நீ பொண்ணு, நீ தொடச்சா யாரு கேக்கறது? நீ தொடச்ச ஒடனே நான் இத கட்றேன்.”

“நைனா இருந்தா...”

“இருந்தா வேற பேச்சு. போய்ட்டாரேம்மா.” சேட்டு குரலைத் தாழ்த்தினார். “ஒனக்கு தெரியாததா? பள்ளிப்பட்டு சம்பந்தம் எதனால போச்சி?”

சுருட்டிய பேனரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சிவப்பு எழுத்தில் ‘அனி’ மட்டும் வெளியே தெரிந்தது.

மெஷின் மேல் கிடந்த பழைய துணி ஒன்றை எடுத்து வாளியில் முக்கிப் பிழிந்தாள். யோசிக்க எதுவுமில்லை. மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு நாளைக்குக் கழற்றச் சொல்லிக் கேட்டது, இன்று கைக்கு வந்திருக்கிறது. பலகை முன்னால் போய் நின்றாள். இத்தனை வருசத்தில் அதை முழுசாகப் படித்ததே இல்லை. தெருவில் வரும்போதே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

‘பள்ளி வேனில் பொறுப்பாள் கட்டாயம் என்ற திருத்தம் தோற்றது. நம் உறுப்பினர் சொன்னது ஆம் / இல்லை?’ இது வெள்ளைப் பெயிண்ட். கீழே துணியில் குறி போடும் சாக்கால் எழுதியது. ‘கேட்ட தடவை 48. வந்த பதில் 0.’

“தொடச்சிடு அனிதா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

நிர்மலா பின்னால் வந்து நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“நீங்க இன்னாக்கா சொல்றது? எங்க வூட்டு பலகை” என்றாள் அனிதா வெடுக்கென்று.

“ஆங். ஒங்க வூட்டுதுதான்.” நிர்மலா கோபப்படவில்லை. “பாப்பா பேரு இதுல எங்கியாவது இருக்குதா பாரு. ஒங்க நைனாவ ஒரு தபா கேட்டேன், பேர போடலாமேண்ணான்னு. வேணாம்மா, பேரு போட்டா ஒன் வூட்டு சங்கதின்னு படிச்சுட்டு போய்டுவாங்கன்னாரு.”

அனிதா திரும்பவும் படித்தாள். இல்லைதான். கவிப்பிரியாவின் பலகை என்று தான் வயிறு எரிந்துகொண்டிருந்த பலகையில் கவிப்பிரியா இல்லை.

“ஒன்னு சொல்றேன். இன்னைக்கு சொல்லக் கூடாதுதான்” என்றாள் நிர்மலா. “ஒன் கல்யாணத்துக்கு நான் வர்ல. ஜொரம்னு சொல்லி அனுப்ச்சேன். ஜொரமும் இல்ல ஒன்னும் இல்ல. வயித்தெரிச்சல். ஒனக்கு முகூர்த்த ஜாக்கெட் தெச்சுகினு இருந்தாரு உங்க நைனா. கண்ணு தெரியல, ஊசில நூலு கோத்து குடும்மான்னாரு. கோத்துகினே பாத்தேன். அளவு நோட்டு மூடி கெடக்குது. ஒன் அளவு அவருக்கு மனப்பாடம். சின்னதுல இருந்து வருசா வருசம் தெச்ச கையி. என் பொண்ணு அளவு நோட்டுல ஒரே ஒரு வரிதான். அதுக்கு மேல எழுத ஒன்னும் இல்ல. அன்னைலேர்ந்து ஒன்ன பாத்தாலே எனக்கு எரியும்மா. நீ வூட்டுக்கு வந்தா நான் இந்த பக்கமே வர மாட்டேன்.”

பாவமாக இருந்தது என்று சொல்லிவிடலாம், நல்ல பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அனிதாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். எரிகிறவள் தான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அற்பமான, சூடான ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகுதான் ஜாக்கெட் நினைவுக்கு வந்தது. போட்டுப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அப்படிப் பொருந்தியது. அப்பாவிடம் அதை அவள் சொல்லவில்லை.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். இரண்டு வெள்ளைக் கார்கள் வந்து நிற்க, சேட்டு பலகையையும் அனிதாவின் கையிலிருந்த ஈரத்துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்ப் பலகைக்கு முன்னால் நாலு ஆட்களை நிறுத்தி மறைத்தார்.

உறுப்பினர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மலர் வளையத்தைப் பெட்டிமேல் வைத்தார். போன்கள் உயர்ந்தன. கண்ணை மூடி நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “டெய்லர் அய்யா நல்ல மனுஷன். எனக்கு மாசா மாசம் லெட்டர் போடுவாரு. கொழந்தைய பறிகுடுத்த தகப்பன். அந்த வேதனை எனக்கு தெரியும்” என்றார்.

கால்மாட்டுக்குத் திரும்பியிருந்த நிர்மலா எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். “ஐயா” என்றாள்.

அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று அனிதாவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. பேனரில் தகப்பனை எடுத்துக்கொண்டாயிற்று. அழுகையை எடுத்துக்கொண்டாயிற்று. முதல் சோடாவையும் எடுத்துக்கொண்டாயிற்று. இப்போது அவர் கேள்வியையும், அவர் வீட்டில், அவர் உடம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவளே கேட்டுவிட்டால் பெற்ற மகளுக்கு மிச்சம் என்ன?

ஈரத்துணியோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஐயா, நான்தான் இவரு பொண்ணு. எங்க நைனாவுக்கு நான் ஒருத்திதான். பேரு அனிதா.” மூச்சு வாங்கியது. “வேன் திருத்தம் வந்த அன்னைக்கு நீங்க ஆமான்னீங்களா, இல்லன்னீங்களா?”

உறுப்பினர் சேட்டுவைப் பார்த்தார். சேட்டு தரையைப் பார்த்தார்.

“இதெல்லாம் இன்னைக்கு பேசற விஷயமாம்மா? ஆபீசுக்கு வா, ஒக்காந்து பேசலாம்.”

“ஒரு வார்த்தைதாங்க. எதுன்னாலும் பரவால்ல.”

“அன்னைக்கு சபைல ஒரே கூச்சல்மா” என்றார் அவர். கைகூப்பினார். பேனரில் இருந்த அதே சிரிப்பு, பழக்கத்தில் பாதி வந்து நின்றது. திரும்பிச் செருப்பைத் தேடினார். கார்கள் போன பிறகு சேட்டு சுருட்டிய பேனரை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

“சாவு வூட்ல கேக்கற கேள்வியா இது?” என்றான் பெரியப்பா மகன் விஜயன். கொள்ளி வைக்க ஈர வேட்டியோடு நின்றிருந்தான். அவளுடைய புருஷன் குமரேசன் அவன் தோளைத் தொட்டு, “வுடு மச்சான், மொதல்ல தூக்கற வேலைய பாப்பம்” என்றான்.

தலைமாட்டிலிருந்து அம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

“பதில் வந்துச்சா?”

“வர்லம்மா” என்றாள் அனிதா, அவள் காதருகே குனிந்து, சத்தமாக.

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள்.

மூன்றரைக்குத் தூக்கினார்கள். மேளம் முன்னால் போக, பொரியும் பூவும் தெருவெல்லாம் இறைந்தன. பெண்கள் தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட வேண்டும், எல்லோரும் தலைமுழுக வேண்டும். நேரமாகிறது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அனிதா கடைக்குள் போனாள். சாக்குக்கட்டி மெஷின் இழுப்பறையில் இருக்கும். அவளுக்கு முன்பே நிர்மலா அங்கே நின்று இழுப்பறையைத் திறந்து, தேய்ந்துபோன அந்த வெள்ளைச் சில்லை எடுத்திருந்தாள். அவளுக்கும் இடம் தெரிந்திருந்தது. அனிதா கையை நீட்டினாள். நிர்மலா ஒரு கணம் வைத்திருந்துவிட்டு உள்ளங்கையில் போட்டாள்.

ஈரத்துணியால் 48-இல் எட்டை மட்டும் துடைத்தாள். அங்கே 9 என்று எழுதினாள். பலகை நனைந்திருந்ததால் சாக்குப் பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தி, எழுதியதன் மேலேயே எழுதினாள். அப்போதும் கறுப்பில் ஒரு கீறல் மாதிரித்தான் இருந்தது.

“அனிதா, தண்ணி ஊத்த வா” என்று கூப்பிட்டார்கள்.

“வரேன்” என்றாள். போகவில்லை. நிர்மலாவும் போகவில்லை. இருவரும் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். மலைப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. மேற்கு வெயில் பலகையின் மேல் சாய்ந்து விழ, ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. காயக் காய, ஒன்பது வெளுத்துக்கொண்டு வந்தது.